கிரீம் மெஷின் விற்ற நிகழ்ச்சி

இப்போதெல்லாம் யாரும் எதையும் கேட்டுச் செய்வதில்லை. செய்து முடித்துவிட்டு, செய்ததை ஒரு தடவை சொல்லிவிட்டு, முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நன்றி சொல்ல வேண்டுமாம். ஆர்லோவுக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். மருந்துக்கடையில் மனைவி வெர்னாவின் மாத்திரை டப்பாவைக் கேட்காமலே மாற்றிவிட்டார்கள். அவள் புது மூடியோடு மல்லுக்கட்டி நகத்தை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம். வங்கியில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்ணை எடுத்துவிட்டு ஒரு பெட்டியை நிறுத்தியிருக்கிறார்கள். இப்போது பெற்ற மகளே அவருடைய ஃபோனுக்குள் கையை விட்டிருக்கிறாள்.

கதவைத் திறந்த நூலகர் பெட்ராவிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்ராவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்காது. ஆனாலும் ஊரில் எல்லோரையும் அதட்டும் உரிமை தனக்கு உண்டென்று நினைப்பவள்.

"கோட்டைக் கழட்டிட்டு உக்காருங்க ஆர்லோ. உங்க பூட்ஸ்ல இருக்கற சேறெல்லாம் என் கம்பளத்துலதான் இருக்கு."

"உக்காரல்லாம் நேரமில்ல. மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குப் போவணும். இர்மா அதுக்கு மேல இருக்க மாட்டா."

பக்கத்துப் பண்ணை இர்மாதான் வெர்னாவோடு உட்கார்ந்திருக்கிறாள்.

வெர்னாவுக்கு மறதி நோய் வந்து இரண்டு வருஷமாகிறது. பகலில் பாதகமில்லை. வெளிச்சம் சாயத் தொடங்கியதும் கோட்டை எடுத்து மாட்டிக்கொள்வாள். வீட்டுக்குப் போக வேண்டும், அப்பா தேடுவார், என்பாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் சமைத்த அடுப்பின் முன்னால் நின்றுகொண்டு, கல்யாணம் செய்துகொண்ட ஆளையே பார்த்து, "நீங்க நல்லவரா இருக்கீங்க, கதவை மட்டும் தெறந்து விட்டுருங்க" என்பாள். அந்தக் குரலில் இருக்கும் மரியாதைதான் ஆர்லோவுக்குத் தாங்க முடியாதது. வாழ்நாளில் ஒருநாள்கூட அவள் அவரை அப்படி மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

அதற்கு ஒரே ஒரு மருந்துதான் அகப்பட்டது. உள்ளூர் வானொலியில் தினமும் காலையில் வாங்கல் விற்றல் நிகழ்ச்சி ஒன்று வரும். யார் வேண்டுமானாலும் கூப்பிட்டு, தன்னிடம் இன்னது இருக்கிறது, தனக்கு இன்னது வேண்டும் என்று சொல்லலாம். போன அக்டோபரில் மகள் ஜோலீன் வந்தபோது அதில் ஒருநாள் நிகழ்ச்சியை ஃபோனில் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஹார்லன் என்ற ஒருவன் கையால் சுற்றி, பாலிலிருந்து கிரீம் பிரிக்கும் பழைய மெஷினை விற்க வந்திருந்தான். ஒரு பெண்ணுக்கு முட்டையிடும் கோழிகள் வேண்டியிருந்தன. இன்னொருத்தி பூனைக்குட்டிகளைச் சும்மா கொடுப்பதாகச் சொன்னாள். வெர்னா கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். கோழிக்காரிக்கு விலை சொன்னாள். "அந்த மெஷினை வேற யாருக்கும் குடுத்துராதீங்க, அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாள். நிகழ்ச்சி முடியும்போது கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள். குளிர்காலம் முழுக்க அதே நிகழ்ச்சி. ஹார்லன் எந்த இடத்தில் இருமுவான் என்பதுகூட ஆர்லோவுக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜோலீன் மறுபடியும் வந்தாள். பண்ணையில் சிக்னல் கிடையாது. அம்மாவுக்கு வேறு ஒரு நிகழ்ச்சியாவது கிடைக்குமா என்று அப்பா நூலகத்துக்கு வெளியே குளிரில் வண்டியிலேயே உட்கார்ந்து ஃபோனைக் குத்திக்கொண்டிருக்கிறார் என்று இர்மா அவளிடம் சொல்லிவிட்டாள். அவள் ஃபோனை வாங்கி ஏதோ செய்தாள். இனி நூலக வைஃபை எட்டும் தூரத்துக்கு வந்தாலே அன்றைய நிகழ்ச்சி தானாக இறங்கிவிடும், இடம் அடைக்காமல் பழையது தானாகப் போய்விடும், என்றாள். ஆர்லோ தலையாட்டினார். வாதாட வேண்டிய இடத்தில் அவருக்கு வாய் உண்டு. புரியாத இடத்தில் தலை மட்டும்தான் ஆடும்.

நேற்று மாத்திரை வாங்க ஊருக்குள் வந்தவர், பனி அள்ளிய இடம் காலியாக இருந்ததால் நூலகத்தை ஒட்டி வண்டியை நிறுத்தினார். சட்டைப் பைக்குள் கிடந்த ஃபோன் சத்தமில்லாமல் தன் வேலையை முடித்துக்கொண்டது. சாயங்காலம் போட்டால் எவனோ நின்ற இடத்திலேயே ஓடுகிற உடற்பயிற்சி மெஷின் விற்கிறான், எவனோ வீட்டுமனையைப் பற்றிப் பேசுகிறான். வெர்னா இரண்டு நிமிஷம் கேட்டாள். பிறகு எழுந்து போய்விட்டாள். தானியக் கிடங்குக்குப் பக்கத்தில் உருகிய பனிச்சேற்றில் ஒற்றைச் செருப்போடு போய்க்கொண்டிருந்தவளை அவர் ஓடிப் போய்ப் பிடித்தார். பிடித்த இடம் காலையில் அவள் மணிக்கட்டில் நீலமாகக் கிடந்தது. இன்றைக்கும் சாயங்காலம் வரும்.

பெட்ரா எல்லாவற்றையும் தேடிப் பார்த்தாள். வானொலி நிலையத்தின் இணையப் பக்கத்தில் ஒரு மாதத்துக்கு மேல் பழையது நிற்பதில்லை. ஜோலீனைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா, எனக்கு அதுதான் வேணும்னு!"

"நீ கேட்டியா?"

"கேட்டேன்! நீங்கதான் தலையாட்டினீங்க." ஜோலீனின் குரல் இறங்கியது. "குளிர்ல உக்காந்திருக்கீங்களேன்னுதான் செஞ்சேன்."

"தெரியும். போய் வேலையைப் பாரு."

பெட்ரா மேஜைமேல் இருந்த சின்ன வானொலியைக் காட்டினாள். "நிகழ்ச்சி இப்ப ஓடிட்டிருக்கு. கூப்பிடுங்க."

"எதுக்கு? ஊர் சிரிக்கவா?"

"உங்களுக்கு ஒரு சாமான் வேணும். அதுக்குத்தானே இந்த நிகழ்ச்சியே இருக்கு?"

வெர்னாவைப் பற்றி இர்மாவைத் தவிர வெளியாள் யாரிடமும் அவர் வாய் திறந்ததில்லை. தேவாலயத்தில் கேட்டால் சளி என்பார். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பெட்ராவே எண்ணை அழுத்திவிட்டாள்.

"வணக்கம், லைன்ல யாரு?" அறிவிப்பாளர் கிளைட்டின் குரல்.

"ஆர்லோ."

"சொல்லுங்கண்ணே! விக்கறீங்களா, வாங்கறீங்களா?"

"அக்டோபர்ல ஒருத்தன் கிரீம் மெஷின் விக்க வந்தான். அவன் வேணும்."

"மெஷினா, ஆளாண்ணே?"

"ஆள்தான். மெஷினை வச்சுகிட்டு நான் என்ன பண்றது?" ஃபோனை மறு காதுக்கு மாற்றினார். "என் பொண்டாட்டிக்கு மறதி. சாயங்காலமானா அவன் பேசினாத்தான் உக்காருவா. அந்த நிகழ்ச்சியை இந்த ஃபோன் தின்னுடுச்சு."

"அந்த கிரீம் மெஷின் ஆள் கேட்டுட்டிருந்தா உடனே கூப்பிடுங்க" என்றான் கிளைட். ஆர்லோ ஃபோனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டயர் விற்பவன் ஒருவன் வந்தான். அவனுக்கு அடுத்து, இருமலோடு ஒரு குரல்.

"ஹார்லன் பேசறேன். அந்த மெஷின் இன்னும் என் கொட்டகையிலதான் கெடக்கு. ஒரு பயலும் வாங்கல."

"அன்னிக்குச் சொன்ன மாதிரியே ஒரு தடவை சொல்லுங்கண்ணே."

"என்ன சொன்னேன்னு யாருக்கு ஞாபகம்? கைப்பிடி தேஞ்சிருக்கு. மத்தபடி எங்கம்மா வச்ச மாதிரியே இருக்கு."

"மாமியார்னு சொன்னியேடா," என்றார் ஆர்லோ வானொலியைப் பார்த்து. "உன் மாமியார் மெஷின்டா அது!"

பூனைக்காரியும் கூப்பிட்டாள். அன்றைக்கு யாரும் எடுத்துப் போகாத குட்டியே இப்போது குட்டி போட்டுவிட்டதாம், மூன்று இருக்கிறதாம். கோழிக்காரி வரவில்லை. நிகழ்ச்சி முடியும் வரை ஆர்லோ வானொலியைவிட்டு நகராமல் நின்றார். அவள் வரவேயில்லை.

இன்றைய நிகழ்ச்சியின் பதிவு அந்த இணையப் பக்கத்தில் ஏறும்வரை பெட்ரா கொடுத்த காப்பியை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் தொடாமலே ஃபோன் திரையில் ஒரு கோடு வளர்ந்து முழுதானது. அவர் கெஞ்சினாலும் அப்படித்தான் இறங்கியிருக்கும், திட்டினாலும் அப்படித்தான். பெட்ரா அழிக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, நிறுத்தியதைக் காட்டினாள். சரியாக இருக்கிறதா என்று நடுவிலிருந்து ஓடவிட்டாள். முதலில் வந்தது அவருடைய குரல். என் பொண்டாட்டிக்கு மறதி.

"நிறுத்து."

கூப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் வெர்னா பதில் சொல்வாள். பொண்டாட்டிக்கு மறதி என்கிற இவனுக்கு என்ன சொல்வாள்?

"அந்த இடத்தை மட்டும் வெட்டிரலாம், ஆர்லோ. ரெண்டு நிமிஷ வேலை."

"ஒண்ணையும் தொடாத."

"வெட்டினா மத்தது அப்படியே இருக்கும். சத்தியமா."

"ஜோலீனும் இப்படித்தான் சொன்னா."

ஃபோனை வாங்கி, திரை கறுக்கும்வரை ஓரத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். அணைந்த பிறகும் விடவில்லை.

"அணைச்சு வச்சிருந்தா ஒண்ணும் இறங்காது, ஒண்ணும் போகாது. நிம்மதியா போங்க" என்றாள் பெட்ரா.

"அதையும் பாப்போம்."

வண்டி வாசலுக்கு நேர் எதிரே நின்றது. ஆர்லோ அந்தப் பக்கம் போகாமல் பின்கதவு வழியாக வெளியே வந்தார். சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, நூலக வைஃபை எட்டிவிடாதபடி சுவரைவிட்டு எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி, முழங்கால் அளவு கிடந்த பழைய பனியில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.