ஸ்லிம் பஸ்ரியனின் மனைவி

இரண்டு நாற்பதுக்குக் கிளடிஸ் சவப்பெட்டிக்குள் கைவிட்டுக் கணவனின் கழுத்துப்பட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்குச் சனம் பார்க்க வந்துவிடும். முடிச்சு இறுகிக் கிடந்தது. கழுத்து இடம் கொடுக்கவில்லை.

"அம்மா, விடுங்கோ. ஆராவது வரப்போகினம்" என்றாள் மகள் யூஜினி.

"வரட்டும். உதை ஆர் கட்டினது?"

"பெரியப்பாதான் சூட் கொண்டுவந்து குடுத்தவர்."

"கொப்பர் தன்ர கலியாணத்துக்கே உது கட்டேல்லை."

முடிச்சு இளகியது. உருவி எடுத்துக் கைப்பைக்குள் திணித்தாள். சட்டையின் மேல் பொத்தானையும் கழற்றிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த பஸ்ரியன், சவளில் சாய்ந்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஐம்பத்தெட்டு வயது. கிளடிஸ் அப்போதுதான் இரவு வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். பாதையில் எதற்கு இருக்கிறார் என்று தூரத்திலேயே பேசத் தொடங்கியிருந்தாள்.

அன்றைக்கே ஞானப்பிரகாசம் எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். பஸ்ரியனின் தமையன். மண்டபம் பிடித்தார், பெட்டி தெரிவுசெய்தார், அஞ்சலித் துண்டு அடித்தார். தம்பி தொப்பியில்லாமல் நிற்கும் படம் ஒன்றும் அகப்படாததால் ஸ்காபரோவில் ஒரு ஸ்ரூடியோக்காரனிடம் கொடுத்துத் தொப்பியை அழிப்பித்தார். ஸ்ரூடியோக்காரன் தொப்பி இருந்த இடத்தில் தலைமயிர் வரைந்துவிட்டான். நல்ல அடர்த்தியான மயிர், இடப்பக்கம் வகிடு. பஸ்ரியனுக்கு முப்பத்தைந்து வயதிலேயே மொட்டை. கிற்றார் இருந்த இடத்தில் கோட்டும் கழுத்துப்பட்டியும். கீழே, 'இலங்கை அரசாங்க முன்னாள் எழுதுவினைஞர்.' கொழும்பில் இரண்டு வருடம் பார்த்த வேலை. அதையும் விட்டுவிட்டு ஹோட்டல் இசைக்குழு ஒன்றில் சேர்ந்தவன்.

ஞானப்பிரகாசம் உள்ளே வந்து தம்பியின் கழுத்தைப் பார்த்தார்.

"ரை எங்கை?"

"என்னட்டை இருக்கு. அத்தான், துண்டில பாடகர் எண்டு ஒரு சொல்லுப் போட்டா என்ன குறைஞ்சிருக்கும்?"

"போட்டா என்ன பாட்டு எண்டு சனம் கேக்கும். கவ்போய்ப் பாட்டு, மாட்டுக்காரன்ர பாட்டு எண்டு சொல்லுறதோ?"

"ஓம். சொல்லுங்கோ. இருபது வருசமாப் பாடினவர். றெக்கோட் போட்டவர். றேடியோவில போனது."

"இஞ்ச பார் பிள்ளை. இண்டைக்குச் சண்டை வேண்டாம்."

"அவரோட பாடின ஆக்களை வரச் சொல்லியிருக்கிறன். மூண்டு மணிக்கு வருவினம். ஒரு பாட்டுப் பாடுவினம்."

அவர் கதவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"செத்தவீட்டில கிற்றார் அடிக்கிறதோ? கோயிலால ஜோசப்பினும் பொம்பிளையளும் செபமாலை சொல்ல வருகினம். சனம் என்ன கதைக்கும்?"

"உங்கட வீட்டில எத்தினை கலியாணம் நடந்தது? ஒண்டிலயாவது அவரைப் பாட விட்டனீங்களோ? தமிழ்ப் பாட்டுத் தெரிஞ்சாப் பாடு, இல்லாட்டிச் சாப்பாட்டைக் கவனி எண்டனீங்கள். அவரும் போய்க் கோப்பை கழுவினவர். இண்டைக்கு அவற்றை நாள். ஒரு பாட்டு. நீங்கள் மறிச்சா நான் பெட்டியை மூடுவன்."

"நீ போய்க் கேட்டனியோ, அவன்ர பாட்டை?"

கிளடிஸ் கைப்பையின் வாயை இழுத்து மூடினாள்.

வெள்ளி, சனி இரவுகளிலும் அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. கிழவிகளைக் கழுவித் துடைத்துப் படுக்கையில் கிடத்துகிற வேலை. பஸ்ரியன் வெள்ளி மாலை பார்சல் களஞ்சியத்திலிருந்து வந்து, குளித்து, வான் வண்டியில் கிற்றாரை ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விடுவான். சின்னச் சின்ன ஊர்கள். மதுச்சாலை, பழைய படையினரின் மண்டபம், கோடையில் விவசாயக் கண்காட்சி. அங்கேயெல்லாம் அவனுக்கு ஸ்லிம் என்று பெயர். ஞாயிறு பின்னேரம் சிகரெட் மணத்தோடு திரும்புவான். அந்தச் சட்டைகளை இஸ்திரி போட்டு மினுக்கியது அவள். தோள்களில் தொங்கும் குஞ்சங்களை ஒவ்வொன்றாகத் தைத்தது அவள். பாட்டு மட்டும் அவன் பழகிய நிலவறையின் கதவுக்குப் பின்னாலேயே இருந்தது. றெக்கோட்டைக்கூட அவள் போட்டுக் கேட்டதில்லை.

மூன்று மணிக்கு அவர்கள் வந்தார்கள். பதின்மூன்று வெள்ளைக்காரர். கிழவர்கள், கிழவிகள். பெரிய இடுப்புப்பட்டிகள், பனி ஒட்டிய பூட்ஸ், தொப்பிகள் கையில். பஸ்ரியனோடு கிற்றார் வாசித்த ஏர்ல் முன்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு கிழவி, தகரத் தட்டில் இனிப்புப் பலகாரத்தோடு. தட்டை யூஜினியிடம் நீட்டிவிட்டுக் கிளடிசைக் கட்டிக்கொண்டாள்.

"என் பெயர் டொரீன். நீங்கள் ஸ்லிமின் தங்கையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மனைவி."

டொரீன் கைகளை எடுத்தாள். முகம் குழம்பித் தெளிந்தது.

"திரும்பக் கட்டினானா? நல்லது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் மனைவி போனபிறகு அவனுக்கு ஒருவரும் இல்லையே என்று நான் எத்தனை நாள் நினைத்திருப்பேன்."

"எந்த முதல் மனைவி?"

"கிளடிஸ். சிலோனில் இறந்துபோனவள். ஒவ்வொரு நவம்பரும் அவளுக்காக மெழுகுதிரி கொளுத்துகிறேன்."

ஏர்ல் தொப்பியின் விளிம்பைத் திருப்பிக்கொண்டு நின்றான். கிளடிஸ் அவனைப் பார்த்தாள்.

"நீ சொல்லு."

அவன் நிலத்தைப் பார்த்துச் சொன்னான். எழுபத்தெட்டில் ஒரு கண்காட்சி. சனம் ஸ்லிமைப் பாட விடவில்லை. கூச்சல். யாரோ போத்தல் மூடியால் எறிந்தான். ஸ்லிம் மைக்கைப் பிடித்து, விமானம் ஏற முதல்நாள் என் மனைவியைப் புதைத்தேன், இது அவளுக்காக என்றான். அடங்கிவிட்டார்கள். பாடி முடிக்க அழுதார்கள். அடுத்த கிழமை அதே பாட்டைக் கேட்டார்கள். பிறகு அது றெக்கோட்டாக வந்தது.

"அதற்குப் பிறகு அவனால் உங்களை உயிரோடு திருப்பிக் கொண்டுவர முடியவில்லை, மிஸிஸ்" என்றான் ஏர்ல். "நான் பலமுறை சொன்னேன்."

எழுபத்தெட்டு. யூஜினி பிறந்த வருடம். பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் பாட்டு இருக்கிறது என்று போனவன்.

"அம்மா, அது சும்மா ஷோவுக்குச் சொன்னது. எல்லா சிங்கர்ஸும் அப்பிடித்தான்" என்றாள் யூஜினி.

கிளடிசுக்குப் பெட்டியில் கிடந்தவனை எழுப்பிக் கன்னத்தில் ஒன்று விடவேண்டும் போலிருந்தது. பதினெட்டு வருடம் சட்டை மினுக்கியிருக்கிறாள். பதினெட்டு வருடம் செத்துப்போய் மினுக்கியிருக்கிறாள்.

ஞானப்பிரகாசம் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பாத்தியே பிள்ளை? இவனுக்காகவோ என்னோட மல்லுக்கட்டினனி? நான் சொல்லி அனுப்பிவிடுறன். நீ போய் இரு."

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை, அத்தான்."

ஏர்லிடம் திரும்பினாள்.

"அந்தப் பாட்டு."

"வேண்டாம், மிஸிஸ். தேவாலயப் பாட்டு ஒன்று வைத்திருக்கிறோம். அதைப்..."

"அந்தப் பாட்டு. முழுக்க."

ஒரு கதிரையை இழுத்துப் பெட்டியோடு போட்டுச் சனத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். செபம் சொல்ல வந்திருந்த ஜோசப்பினும் மற்றப் பெண்களும் செபமாலையைப் பாதியில் பிடித்தபடி நின்றார்கள். ஏர்ல் கிற்றாரைச் சுருதி சேர்த்துத் தொடங்கினான்.

அவன் குரல் கரகரத்தது. பாட்டு மெதுவாகப் போனது. பாட்டில் அவளுக்கு நீல நிறக் கவுன். அவளிடம் நீலத்தில் ஒன்றும் இருந்ததில்லை. பாட்டில் அவள் யன்னலோரம் விளக்கோடு காத்திருந்தாள். காய்ச்சலில் அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் போனாள். கோயிலுக்குப் பின்னால் மலைச்சரிவில் அவளைக் கிடத்திவிட்டு, கல்லில் பெயர் வெட்டக்கூட நேரமில்லாமல் அவன் கடல் தாண்டினான். மலையில் காற்று அடிக்கும்போதெல்லாம் அவள் கூப்பிடுகிறாளாம்.

அந்த அடி வந்ததும் பதின்மூன்று பேரும் சேர்ந்து பாடினார்கள். எல்லோருக்கும் ஒவ்வொரு சொல்லும் பாடம். டொரீன் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். இரண்டாம் முறை வந்தபோது யூஜினியின் உதடும் அசைந்தது. ஞானப்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பாட்டு முடிந்தது.

கிளடிஸ் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பவுடர் பூசிய முகம் ஒரு சாண் தள்ளி இருந்தது.

"இஞ்சாருங்கோ" என்றாள், எல்லோருக்கும் கேட்க. "எங்கட ஊர்க் கடற்கரையில எந்த மலையில என்னைத் தாட்டனீங்கள்?"