மூடாமல் விட்ட கை

லேப்டாப்பில் ஓடிய படத்தில் அந்த ஆளின் முகத்தை மறைத்திருந்தார்கள். கையை மறைக்கவில்லை. இடது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. அந்த மொட்டை விரலைக் கட்டைவிரல் ஓயாமல் தேய்த்துக்கொண்டிருந்தது. அவள் வாயில் போட்ட பிஸ்கட் மெல்லப்படாமல் அப்படியே நின்றது.

மறதிநோய் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற அறக்கட்டளையில் அவளுக்கு வேலை. பெரிய வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ஆராய்ச்சிக்காரர்களிடம் விண்ணப்பம் வாங்குவது, அதை வல்லுநர்களுக்கு அனுப்புவது, பணம் போனபிறகு 'என்னய்யா செய்தீர்கள்' என்று மரியாதையாகக் கேட்டு உயிரை எடுப்பது. படித்தவர்களை வேலை வாங்குவதைப்போல் சள்ளை பிடித்த காரியம் வேறு கிடையாது. கெடு முடிந்த பிறகுதான் அவர்களுக்குக் கையே ஓடும். பணம் வாங்கியவர்கள் நோயாளிகளை வைத்துச் செய்யும் மருந்துச் சோதனையைப் படமெடுத்து அனுப்புவார்கள். 'இதில் இருப்பது யார் என்று எவருக்கும் தெரியாது' என்று அவள் பார்த்துச் சொன்னால்தான் நன்கொடையாளர் கூட்டத்தில் அதைப் போடுவார்கள்.

ஹெட்போனில் டாக்டரம்மா கேட்டாள்: "ஐயா, வீட்டுல உங்ககூட யாரு இருக்காங்க?"

"யாருமில்ல."

"பிள்ளைங்க?"

"அதெல்லாம் இல்லம்மா. ஒண்டிக்கட்டை."

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இதே குரல்தான் காலையில் குளியலறை வாசலில் நின்று கத்தியது. "லைட்ட அணைக்காம போறியே கழுத, உங்கப்பன் வீட்டு கரண்டா?" அவளும் சளைக்காமல், "ஆமா, எங்கப்பன் வீட்டு கரண்ட்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

அப்பா லேத்துப் பட்டறையில் விரலைப் பறிகொடுத்த மனிதர். எவனையும் நம்பமாட்டார், மகள் வேலையை அதைவிட நம்பமாட்டார். "ஊரான் பணத்த வாங்கி எலிக்கு ஊசி போடுறீங்க. எந்த எலியாவது வந்து எனக்கு ஞாபகம் வந்துருச்சுன்னு சொல்லுச்சா?" என்பார். அம்மா போனபிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். வியாழக்கிழமை தவறாமல் மொட்டை என்ற கூட்டாளியோடு சீட்டாடப் போவதாகச் சொல்லிக் கிளம்புவார். படத்தின் மூலையில் தேதி இருந்தது. அதுவும் வியாழக்கிழமைதான்.

படத்தை மறுபடி ஓடவிட்டாள். ஒண்டிக்கட்டை. அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரலில் ஒரு பிசிறு, ஒரு தயக்கம் இருக்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சில மாதத்துக்கு முன் சாப்பிடும்போது கேட்டிருந்தார். "ஏன்டி, உங்க ஆபீஸ் பணத்துல நடக்குற மருந்துச் சோதனையில, உங்க ஆளுங்க சொந்தக்காரன் சேரலாமா?"

"கூடாதுப்பா."

"சேந்துட்டா?"

"வெளிய அனுப்பிருவாங்க. மருந்தும் நின்னுபோயிடும்."

போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்ன பதில் அது. வழக்கம்போல் குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கிறார் என்று நினைத்திருந்தாள்.

அப்படியானால் பொய்தான். மருந்து நின்றுபோகக் கூடாதென்று, பெற்ற மகளையே இல்லையென்று சொல்லியிருக்கிறார். ஆனால் பொய் சொல்லத்தான் அங்கே போகவேண்டிய அவசியம் என்ன? மறதி இல்லாதவனை அங்கே சேர்க்கமாட்டார்களே. ஒருவேளை மகள் இருப்பதே அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தால்? கடவுளே, எங்கப்பன் பொய்க்காரனாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி பேயறைஞ்ச மாதிரி இருக்க? அந்தப் படம் சரியா இருக்கா? மேனேஜர் குதிச்சிட்டு இருக்காரு."

ஆளைத் தெரிகிறது என்று சொன்னால் யார் என்று கேட்பார்கள். அப்பாவை வெளியே அனுப்பிவிடுவார்கள். தெரியவில்லை என்று சொன்னால் இத்தனை வருஷம் பார்த்த வேலைக்குத் துரோகம்.

"நாளைக்குச் சொல்றேன்க்கா" என்று லேப்டாப்பை மூடிப் பைக்குள் போட்டாள்.

வீட்டில் அவர் மின்விசிறியின் ரெகுலேட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சீட்டாட்டம் எப்படிப்பா போகுது?"

"மொட்டை திருட்டுப்பய. சீட்ட ஒளிச்சு வச்சே ஜெயிக்கிறான்."

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"வீட்டுல யாரு இருக்கான்னு யாராச்சும் கேட்டா என்னப்பா சொல்வீங்க?"

"கேக்குறவன் மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லணும்."

சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அவரேதான். ஆனால் சிரிப்பு அடங்குவதற்குள் வேறொன்று தைத்தது. அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சின்ன வயதிலிருந்து கழுதைதான். பெயர் மறந்துபோயிருந்தாலும் அவளுக்கு எப்படித் தெரியும்?

லேப்டாப்பைத் திறந்து மேசையில் வைத்தாள். முகம் மறைத்த ஆள் திரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்பா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்தார்.

"யாருடி இந்த ஆளு? மூஞ்சிய எதுக்கு மூடி வச்சிருக்கீங்க? திருடனா?"

"தெரியலப்பா. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து உற்றுப் பார்த்தார். திரையில் ஒரு மொட்டை விரல். அதை ஒட்டி மேசைமேல் இன்னொன்று. பொய் பிடிபட்டவர் ஒளிப்பதுபோல் அந்தக் கை மேசையை விட்டுக் கீழே இறங்காதா என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.