சுண்டுவிரல் பக்கத்து எலும்பு

கீழே விழுகிறவன் உள்ளங்கையை ஊன்றுவான். மணிக்கட்டு போகும், இல்லையென்றால் முழங்கையோ காறை எலும்போ போகும். முன்கையின் நடுவில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் முறிந்து, கட்டைவிரல் பக்கத்து எலும்பு கீறல்கூட இல்லாமல் இருந்தால் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும். எலும்பு டாக்டர் வேலையில் தலை நரைத்தவள் நான்.

என் மாப்பிள்ளையின் எக்ஸ்ரே அப்படித்தான் இருந்தது.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன் அத்தை" என்றார்.

"எப்படி விழுந்தீங்க?"

"முன்னால... கைய ஊனிட்டேன்."

"இல்லம்மா, பக்கவாட்டுல விழுந்தாரு. வாளி விளிம்புல அடிபட்டுச்சு" என்றாள் பக்கத்தில் நின்ற என் மகள்.

"முன்னாலயா, பக்கவாட்டுலயா? ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசி முடிவு பண்ணிட்டு வாங்களேன்."

வாளி விளிம்பில் மோதினாலும் இப்படி உடையலாம்தான். ஆனால் அதை விழுந்தவர் அல்லவா சொல்ல வேண்டும்? புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையை எங்கள் வீட்டில் எல்லோரும் வாயில்லாப் பூச்சி என்பார்கள். நான் மட்டும் ஒப்புக்கொண்டதில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும், பெருச்சாளி வேரைக் கெடுக்கும். பெண் பார்க்க வந்த நாளிலிருந்தே இந்த மனிதரிடம் ஏதாவது ஓட்டை இருக்க வேண்டுமே என்று தேடிக்கொண்டிருப்பவள் நான். விரல்களை அசைக்கச் சொல்லிவிட்டு, குனிந்து நாடி பார்க்கிற சாக்கில் மூச்சை மோந்து பார்த்தேன். குடித்த வாடை இல்லை, பற்பசை வாடைதான் வந்தது. இந்தச் சாயங்கால வேளையில் எதற்குப் பல் துலக்கினார் என்று அதிலும் ஒரு சந்தேகம்.

வீங்கிய கையிலிருந்து சட்டையைக் கழற்ற முடியாமல் கத்தரியால் வெட்டினேன். தோளுக்குக் கீழே ஒரு பழைய கன்றல், நீலம் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது.

"இது?"

"பஸ்ல கூட்டம் அத்தை."

"பஸ்ல இருக்கிறவங்க எல்லாரும் உங்களைத்தான் குறிவெச்சு இடிக்கிறாங்களா?"

அவர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

எனக்கு முடிவாகிவிட்டது. சாராயக் கடையிலோ சீட்டாட்டத்திலோ ஆள் அடிதடியில் இறங்குகிறார். வெளியே கைநீட்டப் பழகியவன் நாளைக்கு வீட்டிலும் கைநீட்டுவான். அந்த வீட்டில் இருப்பது என் ஒரே மகள். அவள் கழுத்தை, கன்னத்தை, மணிக்கட்டை எல்லாம் கண்ணாலேயே துழாவினேன். ஒரு தடமும் இல்லை.

"என்னம்மா, என்னை ஏன் இப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல. இளைச்சுட்ட."

எலும்பு விலகாமல் இருந்ததால் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. வீக்கம் வடியும்வரை பாதிக்கட்டு, பிறகு முழு மாவுக்கட்டு. முழங்கையை மடக்கிப் பிடிக்கச் சொல்லி, நனைத்த மாவுப்பட்டையை வைத்தேன்.

"சூடாகுது அத்தை."

"மாவு இறுகும்போது சூடாகும், பயப்படாதீங்க. ஆனா விரல் மரத்துப்போனாலோ வலி தாங்க முடியலன்னாலோ உடனே சொல்லணும். பொறுத்துக்கிட்டு இருக்கக் கூடாது."

"பொறுத்துக்குவாரு, அதெல்லாம் பழக்கம்தான்" என்றாள் மகள். மேலே சுற்றும் துணிப்பட்டை அவர் தலைக்கு மேலிருந்த அலமாரியில் இருந்தது. அதை எடுக்க அவள் சட்டென்று கையை உயர்த்தினாள்.

மாப்பிள்ளையின் நல்ல கை முகத்துக்கு முன்னால் எழும்பியது. கண்ணை இறுக மூடி, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டார். முழங்கை மடங்கி, சுண்டுவிரல் பக்கம் வெளியே தெரிய அந்தக் கை அப்படியே நின்றது. ஓங்கி வருகிற அடியை இப்படித் தடுத்தால் முதலில் வாங்குவது அந்தப் பக்கத்து எலும்புதான்.

"நான் பட்டையைத்தாம்மா எடுக்கப் போனேன்" என்றாள் மகள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

இதே எலும்போடு ஒரு பெண் வந்திருந்தால், கூட வந்தவனை அப்போதே வெளியே அனுப்பியிருப்பேன். வந்தவருக்கு மீசை இருந்ததால் அடித்தவனைத் தெருவில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். எனக்கு அந்தக் குருட்டுத்தனம் கொஞ்சம் அதிகமாகவே இருந்திருக்கிறது.

"நீ கொஞ்சம் வெளிய இரு" என்றேன் மகளிடம்.

"எதுக்கும்மா?"

"இருன்னா இரு."

கதவைச் சாத்திவிட்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். "வீட்டுல உங்களை அடிக்கிறாளா?"

அவர் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தை, நீங்க அவளோட அம்மா."

"இந்த ரூமுக்குள்ள நான் டாக்டர். சொல்லுங்க."

"வெளிய சொன்னா சிரிப்பாங்க அத்தை."

"நான் சிரிக்கிறேனா?"

நல்ல கையின் விரலால் கட்டின் ஓரத்தைத் தடவினார். பிறகு, "தரை துடைக்கிற கம்பு... கோபம் வந்தா அவளுக்குக் கண்ணு தெரியாது. மத்தபடி கெட்டவ இல்ல அத்தை" என்றார்.

'மத்தபடி அவர் கெட்டவர் இல்ல டாக்டர்' என்று இதே நாற்காலியில் எத்தனையோ பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அந்தப் புருஷன்களைப் பெற்றவளை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். இப்போது பெற்ற வயிறு எரிந்தது. அவளை இழுத்துப்போட்டு அறைய வேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

கட்டைச் சுற்றி முடித்து, கையைத் தொங்கவிடும் பட்டையை அவர் கழுத்தில் மாட்டிவிட்டுக் கதவைத் திறந்தேன். மகள் கதவை ஒட்டியே நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாரு?" என்றாள். கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

"மாப்பிள்ளை என்கூட வர்றாரு. இனிமே நம்ம வீட்டுலதான் இருப்பாரு."

"அப்போ நானும் வர்றேன்."

"நீ வராத."

"என்னம்மா பேசுற? நான் உன் பொண்ணும்மா!"

"என் பொண்ணுங்கிறதாலதான் இன்னும் யாருக்கும் போன் பண்ணாம நின்னு பேசிட்டு இருக்கேன்."

அவள் முகம் சிவந்தது. என்னைத் தாண்டி அறைக்குள் பார்த்து, "ஏங்க, வாங்க போலாம்" என்றாள்.

நான் வாசலை விட்டு நகரவில்லை. பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். என்னைவிட ஒரு தலை உயரமான அந்த மனிதர், என் முதுகுக்குப் பின்னால் வந்து குனிந்து நின்றுகொண்டார்.