தவறே செய்யாத மூன்று மாதம்

அலுவலகத்தில் எல்லாரும் அவளைப் பஞ்சு என்றுதான் கூப்பிட்டார்கள். வாட்டர் ஹீட்டர் செய்து விற்கும் அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில், புகார்ப் பிரிவுக்கு மூத்தவள் அவள். தொலைபேசியில் யார் எகிறினாலும் அவள் குரல் ஏறாது. கத்துகிறவரே சற்று நேரத்தில் வெட்கப்பட்டு, சரிம்மா, முடிந்தபோது ஆளை அனுப்புங்கள் என்று இறங்கி வந்துவிடுவார். அந்த மென்மைக்காக வைத்த பெயர். அவளுக்கும் உள்ளூர அதில் பெருமைதான்.

வாடிக்கையாளர்கள் எழுதி அனுப்பும் புகார்களைப் படித்து மூன்று வரிசைகளில் பிரித்துப் போடுவது அவர்கள் வேலை. உடனே, நாளை, இந்த வாரம். மெக்கானிக்குகள் அந்த வரிசைப்படி கிளம்புவார்கள். கேட்க எளிய வேலை. ஆனால் தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாகப் புழங்கும் பொருளல்லவா, வரிசை மாறினால் விளையாட்டில்லை.

அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துப் பார்ப்பது என்று நிறுவனம் முடிவு செய்தபோது, அதை நடத்த வந்தவர் புதுமைப் பிரிவின் பொறியாளர். முதல் நாள் புதுச் சட்டையும் பளபளக்கும் காலணியுமாக வந்து நின்றதால் அன்றே அவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார். முப்பதைத் தாண்டிய மனிதர், வீட்டில் கைக்குழந்தை. பேச்சு நடுவில் கொட்டாவி விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பார்.

ஏற்பாடு இதுதான். மெஷின் பிரிக்கும், பஞ்சுவும் பிரிவிலுள்ள மற்றப் பெண்களும் சரிபார்ப்பார்கள். பிசகாகப் பிரித்திருந்தால் திரையில் 'தவறு' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். மாலையில் அன்றைய தவறுகளின் எண்ணிக்கை சுவரில் மாட்டிய பெரிய திரையில் சிவப்பாகத் தெரியும்.

முதல் வாரம் அந்தச் சிவப்பு எண் கொழுத்துக்கொண்டே போனது. மெஷினுக்கு ஒரு குணம் இருந்தது. திட்டி எழுதுகிறவரின் புகாரை 'உடனே'யில் போடும். பணிவாக எழுதுகிறவரின் புகாரை 'இந்த வாரம்' என்று தள்ளிவிடும். வெந்நீர் கொஞ்சம் தாமதமாக வருகிறது என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தவர் வீட்டுக்கு அன்றே ஆள் போவார். லேசாகக் கருகுகிற வாசனை வருகிறது, சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று எழுதியவர் காத்திருக்க வேண்டும்.

வார முடிவில் மேலாளர் அம்மாள் வந்தார். சிவப்பு எண்ணைப் பார்த்தார். பிரிவு முழுவதும் கேட்க, மாப்பிள்ளையைப் பார்த்து, இது கருவியா, காசைக் கரியாக்கும் அடுப்பா என்று கேட்டார். மாப்பிள்ளையின் காது மடல் சிவந்தது. அன்று மதியம் அவர் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார், பார்த்தார், அப்படியே மூடி வைத்தார். பஞ்சுவுக்கு மனசு கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் பொத்தானைத் தொடவில்லை. மெஷின் தப்பாகப் பிரித்தால், அதை அப்படியே விட்டுவிட்டு, மெக்கானிக்குகளின் பொறுப்பாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்த வீட்டை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள் என்று தன் இனிய குரலில் சொல்லிவிடுவாள். வேலையும் நடந்தது, சிவப்பும் ஏறவில்லை. பக்கத்து நாற்காலிக்காரிகள் கேட்டபோது, "பாவம்டி, பிள்ளைக்குட்டிக்காரரு. கொஞ்சம் விட்டுக் குடுப்போம்," என்றாள். அவர்களும் விட்டுக்கொடுத்தார்கள்.

சிவப்பு எண் மெலிந்தது. பிறகு பூஜ்யத்திலேயே உட்கார்ந்துகொண்டது. மெஷின் கற்றுக்கொண்டுவிட்டது என்று மாப்பிள்ளைக்குத் தலை கால் புரியவில்லை. எல்லாருக்கும் இனிப்பு வாங்கி வந்தார். அன்று மாலை வழிபாட்டில் கண்ணை மூடியபோது, தன்னால் ஒரு குடும்பம் நிம்மதியாக இருக்கிறது என்று பஞ்சு நினைத்துக்கொண்டாள். கடவுளிடம் கணக்குக் காட்டுகிற மாதிரி அதைக் கொஞ்சம் உரக்கவே நினைத்தாள் போலிருக்கிறது.

மூன்று மாதம் கழித்து மேலாளர் மறுபடி வந்தார். இந்த முறை முகமெல்லாம் சிரிப்பு. தவறே செய்யாத கருவியை ஆற்றங்கரைக் கிளைக்கும் கொடுக்கப் போகிறோம் என்றார். அங்கே அது தனியாகவே பிரிக்கும், சரிபார்க்க ஆள் தேவையில்லை, பிரித்துக்கொண்டிருக்கும் நான்கு பேரும் மாத முடிவோடு விடுவிக்கப்படுவார்கள் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பஞ்சுவின் கைகளும் பழக்கத்தில் தட்டின.

அந்த நான்கு பேரில் ஒருத்தி அவளுடைய நாத்தனார்.

கணவரின் தங்கை. புருஷன் போனபின் மகளோடு இவர்கள் வீட்டு மாடியில் இருக்கிறாள். மகள் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. ஆற்றங்கரைக் கிளையில் நாத்தனாருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே பஞ்சுதான். சமையல் ஒன்று, சாப்பாடு ஒன்று. வாய்த் துடுக்கு மட்டும் தனி.

செய்தி தெரிந்த அன்று நாத்தனார் சிரித்துக்கொண்டேதான் சாப்பிட வந்தாள். "உங்க மெஷின் மூணு மாசமா ஒரு தப்புகூடப் பண்ணலையாமே, அண்ணி. நான் ஒரு நாள்ல நாலு பண்ணுவேன். அது ஜெயிக்காம வேற யாரு ஜெயிப்பா?" என்றாள். வேறு இடத்தில் கேட்டு வைத்திருப்பதாகவும், சம்பளம் பாதிதான் என்றும், மகளின் படிப்பை ஒரு வருடம் நிறுத்தி வைக்கலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னாள். பஞ்சுவின் மேல் வருத்தமே இல்லையாம். மெஷின் நன்றாக வேலை செய்தால் அண்ணி என்ன செய்வார்?

பஞ்சு வார்த்தையை மென்று விழுங்கினாள். சொன்னால் மாப்பிள்ளையின் வேலை போகும். சொல்லாவிட்டால் இவளுடையது போகும். இரண்டு பேருக்கும் நடுவே தான் ஒரு நல்லவளாக உட்கார்ந்திருப்பதை நினைக்க, முள் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வேறு ஏதாவது வழி பிறக்கும் என்று நாளைக் கடத்தினாள். வழிபாட்டில் கண்ணை மூடினால் வேண்டுதல் வரவில்லை. அந்தப் பூஜ்யம்தான் வந்தது.

கிளையில் மெஷினை ஓடவிட்டார்கள். நான்கு பேரும் வேலையை ஒப்படைக்கிற சாக்கில் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஒரு புகார் வந்தது. குழாயைத் தொட்டால் சின்னதாகச் சுரீர் என்கிறது, அவசரமில்லை, உங்களுக்கு வசதிப்படும்போது ஆளை அனுப்புங்கள். மெஷின் அதை 'இந்த வாரம்' வரிசையில் போட்டது. பார்த்த நாத்தனார் பதறிப்போய் அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, ஸ்விட்சை அணைக்கச் சொல்லிவிட்டு, நேரே கிளைத் தலைவரிடம் ஓடினாள்.

அவர் நம்பவில்லை. தலைமை அலுவலகத்தில் மூன்று மாதமாகத் தப்பே செய்யாத கருவி இங்கே வந்ததும் செய்யுமா என்று கேட்டார். வேலை போகிற கோபத்தில் அவளே வரிசையை மாற்றி வைத்துவிட்டுப் பழி போடுகிறாள் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எழுத்தில் விளக்கமும் கேட்டுவிட்டார்.

அன்று மாலை நாத்தனாரின் வாயில் துடுக்கு இல்லை. கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "வேலை போனா போகட்டும் அண்ணி. பொய்க்காரின்னு சொல்லி அனுப்பறாங்களே," என்றாள். பஞ்சு பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். தடவத் தடவ, தன் கையே தனக்குச் சொந்தமில்லாதது போல் ஆயிற்று.

மறுநாள் அலுவலகம் திறந்ததும் மாப்பிள்ளையை மாடிப்படி ஓரமாகக் கூப்பிட்டாள். மேலாளரிடம் போகுமுன் அவருக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்ய நினைத்தாள்.

"தம்பி, மெஷின் தப்புப் பண்ணுச்சு. தினமும் பண்ணுச்சு. நாங்கதான் பொத்தானை அழுத்தல. போன்ல சொல்லிச் சரி பண்ணிட்டோம். ஆரம்பிச்சது நான்."

அவர் முதலில் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். ஏன் என்று கேட்டார்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்களை அப்படிப் பேசினாங்க. நீங்க சாப்பிடக்கூட இல்ல. பாவமா இருந்துச்சு."

"எம்மேல பாவப்படச் சொல்லி நான் கேட்டேனா, அக்கா?"

அவருக்குக் கோபத்தில் குரல் ஏறவில்லை, இறங்கியது. படியில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க தப்புன்னு சொன்னாத்தானே அது கத்துக்கும்? பணிவா எழுதறவங்களுக்கும் ஆபத்து இருக்கும்னு அதுக்கு யாரு சொல்லுவா? தப்பையெல்லாம் சரின்னு சொல்லிச் சொல்லி அதை இன்னும் முட்டாளாக்கிட்டீங்க. நான் அதுக்கு இனிப்பு வேற வாங்கிக் குடுத்தேன்."

தொலைபேசியில் ஆயிரம் பேரை அமைதிப்படுத்திய குரலைப் பஞ்சு வரவழைத்துக்கொண்டாள். "நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி முதல்ல போய்ச் சொல்லுங்க. உங்க பேரு கெடாது. நான் பின்னால வந்து ஒத்துக்கறேன்," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மறுபடியுமா?"

இருவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம் அது. வரவில்லை.

"வாங்க, சேர்ந்தே போவோம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. இந்தத் தடவை எனக்கு உதவி எதுவும் பண்ணிடாதீங்க," என்றார்.

மேலாளர் முழுவதையும் கேட்டார். இத்தனை பேர் சேர்ந்து மூன்று மாதமாக மறைத்ததை ஒருத்தர்கூட ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கடைசியில் கேட்டார். பஞ்சு தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு நடந்ததைச் சொன்னால் பழியைத் திருப்பிப் போடுகிற மாதிரி இருக்கும், சொல்லாவிட்டால் மறுபடியும் மறைக்கிற மாதிரி இருக்கும். யோசித்து, "அடுப்புன்னு நீங்க சொன்ன அன்னிலேருந்து பயம் மேடம். அதுக்காக நான் பண்ணது சரியாயிடாது," என்றாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சுவரில் இருந்த திரையை மேலாளர் திரும்பிப் பார்த்தார். மாலைக்குள் அது கழற்றப்பட்டது.

தீர்ப்பும் மாலைக்குள் வந்தது. சோதனை முதலிலிருந்து, இந்த முறை ஆற்றங்கரைக் கிளையில். அது முடியும்வரை நான்கு பேரும் இருப்பார்கள். முடிந்தபின் இருப்பார்களா என்பதற்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. விளக்கம் கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கிளையில் நாத்தனாரிடம் மன்னிப்பும் கேட்பார்கள். மாப்பிள்ளையின் பதவி உயர்வு தள்ளிப் போயிற்று. பஞ்சு இனிப் பிரிவுக்கு மூத்தவள் இல்லை. நாளை முதல் கிளைக்குப் போய் நான்கு பேரோடு ஐந்தாவதாக உட்கார வேண்டும். வேலை தப்பியதே பெரிது.

வீட்டில் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. சாப்பாட்டுக்கு உட்காருமுன்பே, கணவரும் நாத்தனாரும் கேட்க, நின்றபடியே சொன்னாள். கணவர் எதிலும் சமாதானம் தேடுகிறவர். அண்ணி தெரியாமல் செய்தது என்று தங்கையிடம் பூசி மெழுகப் பார்த்தார்.

"தெரியாம இல்லண்ணா. தெரிஞ்சுதான்," என்றாள் நாத்தனார். அவள் பஞ்சுவைப் பார்த்த பார்வையில் அழுகை இல்லை. "என்னைப் பொய்க்காரின்னு சொன்ன அன்னிக்கு என் தலையைத் தடவிக் குடுத்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணி."

"சொல்லியிருக்கணும்," என்றாள் பஞ்சு. அழுதால் அவர்கள் தன்னைத் தேற்ற வேண்டி வருமே என்று அழாமல் நின்றாள்.

நாத்தனார் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பாதிப் படியில் நின்று, திரும்பாமலே சொன்னாள். "நாளைக்கு ஒரே பஸ்தான். வாங்க. ஆனா எங்கிட்டப் பேசாதீங்க."

காலையில் அவள் முன்னாலேயே கிளம்பிவிட்டிருந்தாள். பஞ்சு நிறுத்தத்துக்குப் போனபோது வரிசையில் இருவருக்கும் நடுவே நிறைய பேர். நாத்தனார் முன்வாசல் வழியே ஏறிவிட்டாள். பஞ்சு பின்வாசலில் முண்டியடித்து ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தின் நடுவே நாத்தனாரின் பின்தலை தெரிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் அவளுடைய கைப்பை.

ஒரு பெரியவர் அந்த இருக்கையைக் காட்டி, ஆள் உண்டா என்று கேட்டார். முன்னால் ஒருவர் இறங்குவதற்காக எழுந்த இருக்கையை நாத்தனார் அவருக்குக் கைகாட்டிவிட்டு, "இங்க ஆளு வருது," என்றாள். ஜன்னலிலிருந்து பார்வையைத் திருப்பவில்லை.

பஞ்சு இடித்துப் பிடித்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தாள். நாத்தனார் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பஞ்சு உட்கார்ந்தாள். நன்றி என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறாளே என்று அதை உள்ளேயே வைத்துக்கொண்டு, கிளை வரும்வரை நேராகப் பார்த்தபடி வந்தாள்.