மாப்பிள்ளை விசாரிக்க வந்தவர்கள்

பெண் வீட்டார் விசாரிக்க வந்தால் எங்கள் தெருவில் யாரும் உண்மை பேசுவதில்லை. ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கெதற்கு என்ற பயம். அம்மாவோடு சண்டை போட்டு டிவியை உடைத்தவனைப் பற்றிக் கேட்டாலும், "தங்கமான புள்ளைங்க, குனிஞ்ச தலை நிமிராது" என்றுதான் சொல்வோம். விசாரிக்க வருகிறவர்களுக்கும் இது தெரியும். அதனால் நாங்கள் சொல்வதை அவர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. சொல்வதற்கு முன்னால் எவ்வளவு நேரம் யோசிக்கிறோம், பக்கத்தில் நிற்பவளை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறோமா என்று மட்டும் கவனித்துக்கொண்டு போவார்கள்.

கள்ளக்குறிச்சியில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம் எங்கள் பக்கத்து வீட்டு பிரவீன்குமாருக்குத் தெரியவில்லை.

அவனுக்கு முப்பத்தெட்டு வயது. தரகரிடம் முப்பத்து மூன்று. தலைமுடிக்கு அதைவிடக் கம்மி. அப்பா விட்டுப்போன நிலத்தில் மரவள்ளி போடுவது அம்மா அமிர்தம். களையெடுக்க ஆள் கூப்பிடுவதும், கிழங்கு பிடுங்குகிற நாளில் வெயிலில் நின்று லாரியில் ஏற்றிவிடுவதும் அவள்தான். பிரவீன்குமார் அந்த வரப்பில் கூலிங்கிளாஸ் போட்டு நின்று படமெடுத்து, 'மண்ணின் மைந்தன்' என்று ஸ்டேட்டஸ் வைப்பான். கோழிப்பண்ணை வைத்தான், கோழி செத்தது. காடை வளர்த்தான். அவை பறந்து போயினவா, யாராவது பிடித்துக் குழம்பு வைத்தார்களா என்று இன்றுவரை தெரியாது. இப்போது மனை விற்கிறான். அதாவது, வேறு யாரோ விற்கும் மனையின் படத்தை வாட்ஸ்அப்பில் எங்கள் எல்லோருக்கும் அனுப்புகிறான்.

இவனுக்குச் செந்தமிழ்ச்செல்வியைக் கேட்டுவைத்திருந்தாள் அமிர்தம். தூரத்துச் சொந்தம். ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண். பார்க்க லட்சணமாக இருப்பாள். இவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் என்று அவளே வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். அதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. தை பிறந்ததும் பூ வைத்துவிடலாம் என்று பேச்சு.

அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாண மண்டபத்தில் வாழ்க்கை முன்னேற்ற வகுப்பு நடந்தது. கன்னத்தில் மைக் ஒட்டிய ஒருவர் காலையிலிருந்து மாலைவரை பேசியிருக்கிறார். பெரிய இலக்கு வையுங்கள், ஆனால் அதற்கு முன்னால் இன்றைக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று நேர்மையாகப் பாருங்கள், உங்களைச் சுற்றி இருப்பவர்களைக் கேளுங்கள் என்றாராம். நல்ல பேச்சுதான். கேட்டவன் யார் என்பதில்தான் கோளாறு.

பிரவீன்குமார் இலக்கை அன்றைக்கே வைத்துவிட்டான். சின்னசேலத்தில் சுபஸ்ரீ என்று ஒரு பெண், கவர்மெண்ட் உத்தியோகம். தரகர் கந்தசாமி பேச்சுவாக்கில் காட்டிய படம் அது. 'வெச்சா அங்கதான் வெக்கணும்' என்று முடிவு செய்துவிட்டான். தான் எங்கே நிற்கிறோம் என்று பார்க்கிற பாகம்தான் மிச்சம். நேரில் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், விசாரிக்க வருகிறவர்களிடம்தான் மனதைத் திறப்பார்கள் என்று யோசித்து, தன்னைப் பற்றித் தானே விசாரிக்க ஆள் அனுப்பினான்.

வந்தவர்கள் வெள்ளிமலையில் ஜீப் ஓட்டும் காசிநாதனும் அவர் சம்சாரம் பூமாலையும். பிரவீன்குமாருக்குச் சிநேகிதர்கள். எங்கள் தெரு அவர்களை அதற்கு முன் பார்த்ததில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, புதுக்குடை. நானும் எதிர்வீட்டுப் பெரியநாயகியும் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

நிஜமாக விசாரிக்க வருகிறவர்கள் எடுத்தவுடன் விஷயத்துக்கு வர மாட்டார்கள். வாடகைக்கு வீடு இருக்கிறதா என்பார்கள், குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, 'குடிப்பாரா' என்பதை முதலில் கேட்கிறார்கள். அப்புறம் மாமியார், அப்புறம் நிலம். காசிநாதன் குடையை மடக்கியவுடனே கேட்டார்:

"ஏம்மா, இங்க பிரவீன்குமாருன்னு ஒருத்தரு. அவருக்குத் தலைமைப் பண்பு இருக்குதுங்களா?"

"அது எந்த வயல்லங்க வெளையுது?" என்றாள் பெரியநாயகி.

"இல்லம்மா, ஜனங்க அவர எப்பிடிப் பாக்கறாங்க? அவரால சாதிக்க முடியும்னு நெனக்கிறீங்களா?"

பூமாலை அவர் முழங்கையைக் கிள்ளினாள். "மாமா, பொண்ணு வூட்டுக்காரங்க மாதிரி கேளு. மாமியாரு எப்பிடின்னு கேளு."

"அதக் கேக்கச் சொல்லலியே புள்ள."

நான் கீரையைக் கீழே வைத்துவிட்டேன். பெரியநாயகி என்னைப் பார்த்தாள். அடுத்த நிமிடம் அவள் முகத்தில் வந்த பக்தியை நான் கோவிலில்கூடப் பார்த்ததில்லை.

"சாதிக்கறதா! கலெக்டரா இருக்க வேண்டியவருங்க. எங்க தெருவுல பொறந்தது எங்க அதிர்ஷ்டம்."

"அவரு நடந்து வந்தா நாய்கூட எந்திரிச்சி வழிவுடும்" என்றேன் நான்.

"மழ வரணுமா வேணாமான்னு அவரக் கேட்டுட்டுத்தாங்க முடிவு பண்ணுவோம்."

அவர்கள் தெருக்கோடி போய்ச் சேர்வதற்குள் சேதி அவர்களுக்கு முன்னால் போய்விட்டது. தையற்கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வரவழைத்து, இப்படி ஒரு பிள்ளை தனக்கில்லையே என்றாராம்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகப் போனில் காசிநாதன் குரல் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற பழக்கம் பிரவீன்குமாருக்கு. எனக்கும் அது வசதி.

"எல்லாம் நல்லாத்தான் சொன்னாங்க பிரவீனு. ஆனா சிரிச்சிக்கினே சொன்னாங்கடா."

"அது பாசம்டா."

பூமாலை பின்னாலிருந்து ஏதோ சொல்ல வந்தாள். போனை வைத்துவிட்டான்.

மறுநாளே செந்தமிழ்ச்செல்வி வேண்டாமென்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். "நல்ல பொண்ணுதாம்மா. ஆனா என் ரேஞ்சு வேற." அமிர்தம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் அந்த வீட்டுக்கு அவளே போய்த் திண்டாடித் திண்டாடி வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் காபி கொடுத்து அனுப்பியிருக்கிறாள். திரும்பி வந்தவளிடம் பெரியநாயகி பொறுக்கமாட்டாமல் மொத்தத்தையும் கொட்டிவிட்டாள். யார் வந்தார்கள், யார் அனுப்பினார்கள், யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்றுவிடாமல். அமிர்தம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். கோபப்படவில்லை.

"எல்லாரையும் கேட்டாங்க. என்ன மட்டும் யாரும் கேக்கலியே" என்றாள்.

இதற்கிடையில் கந்தசாமி வேலையை முடித்திருந்தார். சின்னசேலத்தில் பேசி, படத்தைக் காட்டியதில் அவர்களும் சரி, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். பிரவீன்குமார் அரும்பு மீசையைக் கோடு போட்டது மாதிரி செதுக்கிக்கொண்டான். அந்தப் பெண் கிடைத்தால் இவன் மனிதனாகிவிடுவான் என்று அமிர்தமும் ஒரு நாள் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "அவ இன்னா ஆவாளோ" என்றும் சொன்னாள்.

அடுத்த வாரம் ரேஷன் கடையில் பாமாயில் வந்திருந்தது. நான், பெரியநாயகி, எங்களுக்கு முன்னால் அமிர்தம். வரிசை நகரவே இல்லை. அப்போது ஒரு அம்மாளும் ஒரு பெரியவரும் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தார்கள். அந்த அம்மாள் பெரியநாயகியிடம் கேட்டாள்:

"இங்க பிரவீன்குமாருன்னு ஒருத்தராமே. அவருக்குக் கோவம் வந்தா இன்னா பண்ணுவாரு?"

பெரியநாயகி என் இடுப்பில் இடித்தாள். கேட்பவள் குடிப்பானா என்று கேட்கவில்லை. மாமியாரைக் கேட்கவில்லை. நிலம் எவ்வளவு என்று கேட்கவில்லை. எந்தப் பெண் வீட்டில் இப்படியொரு கேள்வியோடு ஆள் அனுப்புவார்கள்? வெள்ளிமலைக்காரர்கள் சரிப்படவில்லையென்று மலையிலிருந்தே வேறு செட் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தோம். அதே நாடகத்தை இரண்டாம் தடவை பார்க்கச் சொன்னால் யாருக்கும் அலுப்பு வராதா? இந்தத் தடவை உண்மையையே சொல்லி அனுப்பலாம் என்று தோன்றியது.

"கேட்டுக்கோங்க" என்றாள் பெரியநாயகி. "கோவம் வந்தா ரூமுக்குள்ள போய்த் தாப்பா போட்டுக்குவாரு. அம்மாகாரி வெளிய நின்னு, கண்ணு, ராஜான்னு கெஞ்சணும். போன மாசம் சட்னியில உப்பு கம்மின்னு ரெண்டு நாளு."

"தன்னோட காரியத்த அவரே பாத்துக்குவாரா?"

"சட்டைக்குப் பட்டன் போட மட்டும் யாரையும் கூப்புட மாட்டாருங்க" என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்தான். சிரிப்பு ஜோரில் கவனிக்கவில்லை.

அவன் நிஜ வயதை ஒருவர் சொன்னார். கோழியையும் காடையையும் இன்னொருவர் சொன்னார். தலைக்கு எந்தக் கடையில் மை வாங்குகிறான் என்பது தையற்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அந்த அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பேசாமல் நின்றிருந்த அமிர்தத்திடம் திரும்பினாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லலியேங்க. உங்களுக்கு அவரத் தெரியுமா?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அமிர்தத்தைப் பார்த்தார்கள்.

"தெரியும்" என்றாள் அமிர்தம். "அவனுக்கு ஒருத்தர் மேலயும் ஒட்டுதல் கெடையாது. நான் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, வூட்ல சோத்துக்கு இன்னா பண்றதுன்னு கேட்டுத்தான் போன் பண்ணான். எப்பிடிக் கீறேன்னு கேக்கல. நானும் வருவான் வருவான்னு வாசலப் பாத்துக்கினே கெடந்தேன். பக்கத்து பெட்டு பொம்பள எனக்குப் புள்ளையே இல்லன்னு நெனச்சிக்கினா. நானும் ஆமான்னுட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு, "இத அவன்கிட்ட அப்பிடியே சொல்லுங்க. ஒரு வார்த்த வுட்டுடாதீங்க" என்றாள்.

அந்த அம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். "நீங்க அவருக்கு இன்னா ஆகணும்?"

"பெத்தவ."

பெரியவர் குடத்தை இறக்குவது மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். இருவரும் கைகூப்பிவிட்டுச் சின்னசேலம் பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்கள். மலைப்பக்கம் போகிறவர்கள் ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று பெரியநாயகிதான் கேட்டாள். அமிர்தத்துக்குப் பாமாயில் முறை வந்தது. பையை நீட்டாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

சாயங்காலமே கந்தசாமி வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கத்தினார்.

"நீ இன்னா தம்பி தெருவுல வாழ்றியா, கோர்ட்டுல வாழ்றியா? அந்தப் பொண்ணு நெலம் நீச்சு எதுவும் கேக்காதீங்க, கோவம் வந்தா ஆளு எப்பிடின்னு மட்டும் கேட்டுக்கினு வாங்கன்னு சொல்லி அத்தைய அனுப்பிச்சிருக்குது. ஒரு வரிசையே நின்னு சாட்சி சொல்லியிருக்கு!"

"பொறாமைல சொல்லியிருப்பாங்கண்ணே. போன தடவ எல்லாரும்..."

"உங்கம்மாவுமா பொறாமைல சொன்னாங்க?"

அவர் போய்விட்டார். நானும் பெரியநாயகியும் எங்கள் பக்கத்துச் சுவரோரம் துணி மடித்துக்கொண்டிருந்தோம். மடித்ததையே திரும்ப மடித்தோம்.

அந்த வீட்டில் பிரவீன்குமார் குரல்தான் முதலில் கேட்டது. அழுகிற குரல் என்று எதிர்பார்த்தோம். இல்லை. பெரிய மனது பண்ணுகிற குரல்.

"சரி வுடும்மா. செந்தமிழ்ச்செல்வி வூட்டுக்குப் போயி, நான் ஒத்துக்கினேன்னு சொல்லிடு."

"அவளுக்கு நேத்தே பூ வெச்சிட்டாங்கடா."

"யாரு?"

"தியாகதுருகம் பக்கம். டிராக்டர் ஓட்றவன்."

"சொந்த டிராக்டரா?"

"வாடகை டிராக்டரு."

"என்னவிட அவனுக்கு இன்னாம்மா ஜாஸ்தி?"

அமிர்தம் உடனே பதில் சொல்லவில்லை. யோசித்தாள் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைக்கு வலிக்காத பதிலாக ஒன்றைத் தேடியிருப்பாள், அவ்வளவு நேரம் ஆயிற்று. கிடைக்கவில்லை போல.

"காலைல எந்திரிக்கிறான்டா" என்றாள்.

பெரியநாயகிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மடித்த துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள், அப்படியும் நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேருடைய பேச்சும் நின்றது. அந்தச் சிரிப்பை அவன் கேட்டுவிட்டான். அமிர்தமும்தான் கேட்டுவிட்டாள்.