முறைக்கத் தெரியாதவன்

புகார்ப் பிரிவில் மேசைக்கொரு கண்ணாடி. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனை எடுக்க வேண்டும்; சிரிப்பு குரலில் ஏறி வாடிக்கையாளர் காதில் இறங்குமாம். வருடக்கணக்கில் சிரித்ததில் பல்லழகனுக்கு (அலுவலகம் வைத்த பெயர்) ஒரு வியாதி வந்திருந்தது. கோபம் கிளம்பும், உதடு தானாக விரியும், கோபம் வந்த வழியே திரும்பிவிடும்.

மனைவிக்கு அடுத்த வாரம் பிரசவம். ஒரு மாத விடுப்பைக் கேட்டுக் கேட்டு அலுத்தாயிற்று.

"இளிச்சுக்கிட்டே கேட்டா அவசரம்னு யாருக்குத் தெரியும், தம்பி? பார்க்கலாம்," என்பார் மேலாளர். உடனே அவனுக்கே அவசரமில்லை போலத் தோன்றிவிடும்.

இன்று இடைவேளையில் மனைவி போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு புருவத்தைச் சுருக்குங்க. கோபம் வராம வெளிய வராதீங்க."

"வரலன்னா?"

"பிள்ளைய நான் தனியா பெத்துக்கிறேன். நீங்க அங்கயே சிரிச்சுக்கிட்டு இருங்க."

சுருக்கினான். முதலில் புருவம் மட்டும் வேலை செய்தது. பிறகு தாடை இறுகியது, காது சூடேறியது. மேலாளரில் தொடங்கிய கோபம் ஐந்தாம் வகுப்பில் பென்சிலைத் திருப்பித் தராதவன் வரை போனது. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

அதே முகத்தோடு ஓடினான். மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். இருக்கைக்கு வந்தால் போன் அலறுகிறது. சிரித்தால் பாடுபட்டுச் சேர்த்த கோபம் போய்விடும். கண்ணாடியைக் கவிழ்த்துவிட்டு எடுத்தான்.

"ஒரு வாரமா நெட் வரலப்பா," என்றார் ஒரு பெரியவர்.

"ஒரு வாரமா? கையக் கட்டிக்கிட்டா உக்காந்திருந்தீங்க?"

"தினமும் கூப்பிட்டேனே. நல்லா சிரிச்சுப் பேசினாங்க."

"பேசுவாங்க. எங்களுக்குத் தெரிஞ்ச வேலை அதுதான். மேலாளர் செல் நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க. சாப்பிடுற நேரம்தான், கண்டிப்பா எடுப்பார்."

பெரியவர் கூப்பிட்டார். பிறகு அவர் தெருவே கூப்பிட்டது.

மாலையில் மேலாளர் முகத்தில் சிரிப்பைக் காணோம். "ஒரு மாசம் சஸ்பெண்ட். சம்பளம் கிடையாது."

"ரெண்டு மாசமா குடுங்க சார்," என்றான், புருவம் இறங்காமல்.

மேலாளர் அந்த முகத்தையே பார்த்தார். "இப்படி வந்து கேட்டிருந்தா லீவே குடுத்திருப்பேனே. சம்பளத்தோட."

பல்லழகனின் உதடு விரியப் பார்த்தது. வாசல் வரைக்குமாவது இந்தக் கோபம் தாங்கட்டும் என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டு, படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான்.