போர்டுக்கு அடியில் இருந்த நம்பர்

கொலை வழக்கில் சிக்கிய எஸ்.ஐ. சிவப்பிரகாஷுக்கு ஜாமீன் கிடைத்த அன்று சாயங்காலமே ஊர் இளவட்டங்கள் ரமேஷ்குமாரின் பிளெக்ஸ் கடைக்கு வந்துவிட்டார்கள். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறது கடை. கேரளாவில் பிளெக்ஸுக்குத் தடை. தடை என்றால் என்ன, இந்தப் பக்கம் அடித்து அந்தப் பக்கம் கட்டினால் ஆயிற்று. கிழக்குப் பாலக்காட்டுக் கல்யாணமும் காதுகுத்தும் கருமாதியும் பல வருஷமாக இப்படித்தான் எல்லை தாண்டிப் போய்த் தொங்கிக்கொண்டிருந்தன.

"நல்லாப் பெருசா அடிங்கண்ணா. பின்னாடி ஒரு சிங்கம் வெச்சிருங்க. ‘களவாணிகளுக்கு எமனே வருக’ன்னு போடுங்க."

களவாணி என்ற சொல்லைத் தட்டும்போது ரமேஷ்குமாரின் விரல் நின்றது. நின்றது அவ்வளவுதான். பிறகு தட்டினான். ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது மாட்டேன் என்று சொல்ல அவன் யார்? நாளைக்கும் அதே ஊரை நம்பித்தான் கடை நடத்த வேண்டும். இப்படி எண்ணித்தான் மனிதன் எல்லா அசிங்கத்துக்கும் தலையாட்டுகிறான்.

சிவப்பிரகாஷின் போலீஸ் ஸ்டேஷனில் அடிபட்டுச் செத்துப்போன அந்தக் ‘களவாணி’, சின்னையன். ரமேஷ்குமாரிடம் போர்டு கட்டும் வேலை பார்த்த ஆள்.

கேரளப் பக்கம் போர்டு கட்டுவதென்றால் பஞ்சாயத்துக்காரர்கள் கண்ணில் படாமல் விடிவதற்குள் கட்டிவிட வேண்டும். பிடிபட்ட அன்றைக்கும் சின்னையன் ஒரு கல்யாண போர்டைக் கட்டிவிட்டு, பையில் கட்டுக்கம்பியும் கட்டிங் பிளேயருமாக வந்துகொண்டிருந்தார். அந்த வாரம்தான் தோட்டங்களில் மோட்டார் கேபிள் களவு போய்க்கொண்டிருந்தது. தன் மோட்டார் ரூமுக்குப் பக்கத்து ரோட்டில் கம்பியும் பிளேயருமாக ஓர் ஆள் போனால் தென்னந்தோப்பு ஈஸ்வரமூர்த்தி சும்மா விடுவாரா? நாலு பேரைக் கூப்பிட்டுப் பிடித்துப் போலீஸில் ஒப்படைத்துவிட்டார்.

விடிகாலையில் ரமேஷ்குமாரின் போன் அடித்தது. சின்னையன் என்ற ஒருவன் பிளெக்ஸ் கட்டத்தான் வந்தேன் என்கிறான், உங்கள் ஆளா என்று மலையாளத்தில் ஒரு போலீஸ்காரர் கேட்டார். பிளெக்ஸ் என்ற வார்த்தைதான் ரமேஷ்குமாரின் காதில் விழுந்தது. ஒருமுறை அபராதம் கட்டியாகிவிட்டது, இனிமேல் பிடித்தால் கேஸ்தான் என்று எச்சரித்திருந்தார்கள். "அப்படி ஆரையும் தெரியாதுங்க சார்," என்று வைத்துவிட்டான். கொஞ்ச நேரம் மிரட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள், சாயங்காலம் சின்னையனிடம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். சாயங்காலம் சின்னையன் பிணமாகத்தான் வந்தார்.

அதன் பிறகு செய்தது இன்னும் மோசம். அவர் கட்டிய அந்தக் கல்யாண போர்டை ரமேஷ்குமார் தானே போய்க் கழற்றி வந்தான். சின்னையன் எதற்கு வந்தார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். க்ரைம் பிராஞ்சிலிருந்து வந்து கேட்டபோதும், யாரோ மலையாளத்தில் கேட்டார்கள், ராங் நம்பர் என்று நினைத்தேன் என்றான்.

ஊரில் யாருக்கும் இதெல்லாம் தேவையாகவும் இல்லை. கொலைக் குற்றம் சாட்டி எஸ்.ஐ.யின் மேல் குற்றப்பத்திரிகை போட்டதும் டீக்கடையில் ஈஸ்வரமூர்த்தியின் குரல்தான் ஓங்கியிருந்தது.

"களவாணிய வெசாரிக்கறதுக்கு மடியில வெச்சுக் கொஞ்சுவாங்களா? ஏதோ கை கொஞ்சம் ஓங்கிருச்சு. அதுக்குக் கொலைக் கேஸா? நம்மூட்டுப் பையன் ஒருத்தன் ஆபீசரானா பொறுக்காது."

எல்லோர் போனிலும் சிவப்பிரகாஷ் சிரித்துக்கொண்டிருந்தார். ஜாமீனில் வந்தவரை ஜங்ஷனில் செண்டை அடித்து, மாலை போட்டு, ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். சின்னையனுக்காக நியாயம் கேட்டு வந்த நாலைந்து பேர் பஸ் ஸ்டாப் ஓரமாக மெழுகுவத்தியோடு நின்றுவிட்டுப் போனார்கள். காற்றில் அதுவும் அணைந்து அணைந்து போயிற்று. கேபிள் களவு மட்டும் நிற்கவில்லை. அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் சிவப்பிரகாஷின் போர்டு ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. சின்னையனுக்குப் பதிலாக வந்த பெரியமுத்து அதைக் கழற்றினான். கழற்றிய பிளெக்ஸ் கட்டுகிற ஆளுக்கே சொந்தம் என்பது அந்தத் தொழிலில் வழக்கம். சின்னையனின் வீட்டுக் கூரை, விறகு மறைப்பு, குளிக்கிற மறைப்பு எல்லாம் ஊர்க் கல்யாண ஜோடிகள்தான்.

"அந்த போர்ட என்னப்பா பண்ணுனே?" என்று ரமேஷ்குமார் கேட்டான்.

"சின்னையன் சம்சாரம் கேட்டுச்சுங்க. ஊடு ஒழுகுதாமா. அந்த எஸ்.ஐ. மூஞ்சி இருக்குதக்கான்னேன். மழைக்கு மூஞ்சி தெரியுமான்னு வாங்கிட்டுப் போயிருச்சுங்க."

ரமேஷ்குமாரால் அதற்குமேல் கடையில் உட்கார முடியவில்லை. அச்சடிக்காத வெள்ளைச் சுருள் ஒன்றை பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

சின்னையனின் மனைவி சுப்பாத்தாள் அவனை வீட்டுக்குள்ளே வரச் சொன்னாள். அவன் குனிந்து நுழைந்து நிமிர்ந்தான். வெள்ளைப் பக்கம் வானத்துக்கு, படம் வீட்டுக்குள் என்று போட்டால் சூடு குறையும் என்பது சின்னையனின் கணக்கு. அவள் அதே மாதிரிதான் போட்டிருந்தாள். அடுப்புக்கும் பாய்க்கும் மேலே சிவப்பிரகாஷ் மீசையோடு சிரித்தார். பக்கத்தில் சிங்கம். களவாணிகளுக்கு எமனே வருக. கீழே சிவப்பு எழுத்தில் ரமேஷ் டிஜிட்டல்ஸ், அதை ஒட்டி அவனுடைய போன் நம்பர்.

"அக்கா, இதையக் கழட்டிப் போட்றலாமுங்க. புதுசு கொண்டாந்திருக்கறன்."

"இருக்கட்டுங்க தம்பி. மொதல்ல கண்ணத் தொறந்தாலே ஈரக்கொல நடுங்குச்சு. இப்பப் பழகிப்போச்சு. நான் அவன் மூஞ்சியப் பாக்கறதில்லீங்க. கீழ இருக்கற நம்பரத்தான் பாத்துட்டுப் படுத்திருக்கறது."

அவன் சுருளோடு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அவருக்கு எழுத்து வராதுங்க. என்ற போன் நம்பருகூடத் தெரியாது. இது மட்டும் போர்டு கட்டிக் கட்டி மனப்பாடம். அன்னைக்கு ஸ்டேஷன்லயும் நம்பரு சொன்னாராமா. வக்கீலு சொன்னாரு. அவங்க போன் போட்டா, அப்படி ஆளே தெரியாதுன்னு ஆரோ சொல்லிட்டாங்களாமா." சுப்பாத்தாள் மேலே பார்த்தாள். "பயத்துல ஒரு எண்ண மாத்திச் சொல்லிட்டாரு போலிருக்குதுங்க. தெனமும் கட்டற போர்டு, ஒரு நம்பர ஒழுங்காச் சொல்லத் துப்பில்லாம உசுர விட்டயேன்னு நானு இன்னைக்கு வரைக்கும் அவரத்தான் வஞ்சுட்டு இருக்கறன்."

இந்தப் பழியைக்கூடச் செத்தவர் தலையிலேயே போட்டுவிட்டு ரமேஷ்குமாரால் எழுந்து போயிருக்க முடியும். அவள் கேட்டிருக்க மாட்டாள்.

"மாத்திச் சொல்லலீங்கக்கா," என்றான். "சரியாத்தான் சொல்லியிருக்காரு. போன எடுத்தது நாந்தான்."

மழை பிளெக்ஸின் மேல் படபடவென்று விழுந்துகொண்டிருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. வெகுநேரம் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவருக்கு மறக்கல."

"மறக்கலீங்க. கோர்ட்டுல வந்து சொல்றனுங்க. என்னைய என்ன பண்ணினாலும் செரி."

"கோர்ட்டு எப்ப வருதோ," என்றாள் சுப்பாத்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. "மொதல்ல டீக்கடையில சொல்லுங்க. அங்கதான் அவர இன்னும் களவாணிங்கறாங்க. எம்புள்ள அந்த வழியாத்தான் பள்ளிக்கூடம் போகுது."

வெள்ளைச் சுருளை அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

டீக்கடையில் வழக்கமான கூட்டம் இருந்தது. "வா ரமேஷு," என்று ஈஸ்வரமூர்த்தி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். சின்னையன் என் வேலைக்குத்தான் வந்தார், அவர் கட்டிய போர்டை நானே கழற்றிவிட்டேன், போன் வந்தது, தெரியாது என்று பொய் சொன்னேன்.

பெஞ்சில் ஒருவர் பேப்பரை மடித்து வைத்தார். அவர்களுக்கும் உறைத்துவிட்டது என்று அவன் நினைத்தான். பாவம், ஊரைப் பற்றி அவன் இவ்வளவுதான் தெரிந்து வைத்திருந்தான்.

"கேட்டுக்கிட்டீங்களா?" ஈஸ்வரமூர்த்தி எல்லோரையும் பார்த்தார். அவர் முகத்தில் பாரம் இறங்கிய நிம்மதி தெரிந்தது. "போலீஸ் மொறையாப் போன் போட்டுக் கேட்டிருக்குது. இவன் ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த மனுசன் ஊடு போய்ச் சேந்திருப்பான். இவன் பண்ணுன வேலைக்கு எஸ்.ஐ. செயிலுக்குப் போகோணுமா?"

"ஆமாங்க," என்றது ஒரு குரல். "இவனத்தான் மொதல்ல புடிச்சு உள்ள போடோணும்," என்றது இன்னொன்று. அதற்குள் ஒருவர் போனைத் தூக்கி அவனைப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். நேற்றுவரை களவாணியாக இருந்த சின்னையன், சிவப்பிரகாஷுக்காக, ஒரே நிமிஷத்தில் பாவப்பட்ட மனுஷன் ஆகிவிட்டார்.

அவர்கள் சொன்னதில் தன் பங்கு உண்மை என்று ரமேஷ்குமாருக்குத் தெரியும். சாகும்வரை அது அவனோடுதான் இருக்கும். பேசாமல் போய்விடலாம் என்றுதான் திரும்பினான். பள்ளிக்கூடம் போகும் அந்தப் பிள்ளையின் நினைப்பு வந்தது.

"நான் தெரியாதுன்னு சொன்னது நெசம்," என்றான். "அந்தப் பாவம் எனக்குத்தான். ஆனா அண்ணா, ஆருக்கும் தெரியாத ஆளா இருந்தா அடிச்சுக் கொன்னுபோடலாமுங்களா?"

ஈஸ்வரமூர்த்தி டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார். அதில் டீ இல்லை. அவர் அதைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.